ஐந்து பேருக்கு ஒரு பாத்ரூம்: சின்ன இடத்தை ஒழுங்காக்க முழுமையான வழிகாட்டி

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கத்துத் தொடர்மாடிகளில் 4 அடிக்கு 6 அடி பாத்ரூம் புதினமான விஷயமில்லை. கொமேட், பேசின், ஷவர் மூன்றும் இடம் பிடித்த பிறகு ஒரு ஆள் திரும்பி நிற்கத்தான் மிச்சம் இருக்கும். அதற்குள்ளேயே இரண்டு மூன்று வாளி, ஊத்தை உடுப்புக் கூடை, தும்புத்தடி, ஐந்து பேரின் துவாய், பாதியில் நின்றுபோன ஷாம்பூப் போத்தல்கள் எல்லாம் வந்து சேர்ந்தால் நிலத்தை உரஞ்சிக் கழுவவே வழியில்லாமல் போகிறது.

இடம் போதாதது கண்ணுக்குத் தெரியும். அதைவிடப் பெரிய தொல்லை ஈரம். கொழும்பில் வருடம் முழுக்க ஈரலிப்பு அதிகம். ஒக்டோபர், நவம்பர் மழையில் காலையில் கொழுவிய துவாய் இரவாகியும் காயாது. காலி வீதிக்குக் கடற்பக்கமாக உள்ள வீடுகளில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். ஆகவே ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்ததும் கேட்க வேண்டியது, "இது நனைந்தால் என்ன ஆகும்?" என்பதுதான். நனைந்தாலும் கெடாத, நாளாந்தம் கை போகிற சாமான் உள்ளே இருக்கட்டும். மிச்சம் எல்லாம் வெளியே. நிலத்தில் ஒரு வாளியைத் தவிர வேறொன்றும் நிற்கக்கூடாது.

தொடங்குமுன்

மழை இல்லாத ஒரு நாளில், எல்லோரும் குளித்து முடிந்த பிறகு, காலை 9 மணியளவில் தொடங்குங்கள். சாமானை வெளியே எடுத்துப் பிரிக்க இரண்டு மணி நேரம், கழுவ ஒரு மணி நேரம், காய மூன்று மணி நேரம் என்று ஒதுக்கினால் இரவுக் குளியலுக்கு அறை திரும்பக் கிடைக்கும். சுவரில் ஏதாவது பூட்டுவதை அடுத்த நாளுக்கு விடுங்கள். காரணம் கீழே வரும்.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு பழைய பெட்சீற், மூன்று பெரிய பைகள், அளவு நாடா, மார்க்கர், றப்பர் கையுறை, கட்டை பிரஷ். கூடையோ றாக்கையோ இப்போது வாங்க வேண்டாம். அழகான கூடை நான்கை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு அதற்குள் அடைக்கச் சாமான் தேடுவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் பிழை. எவ்வளவு மிஞ்சும் என்று தெரியாமல் அளவு சொல்ல முடியாது.

முதல் வேலை: முழுக்க வெளியே

ஹோலில் பெட்சீற்றை விரித்து, பாத்ரூமில் கழற்றக்கூடிய அனைத்தையும் அதில் வையுங்கள். கதவுக்குப் பின்னால் தொங்குவது, கொமேட் டாங்கியின் மூடிமேல் இருப்பது, ஜன்னல் படியில் ஒட்டிக்கிடக்கும் ஷாம்பூப் பைக்கற்று, பேசினுக்குக் கீழே உள்ள பழைய பிரஷ், எல்லாம். பாதியை உள்ளே விட்டுவிட்டுப் பிரித்தால் விட்ட பாதி அப்படியே தங்கிவிடும்.

இனி ஒரே வகையை ஒன்றாகக் கூட்டுங்கள். ஷாம்பூ ஒரு பக்கம், பற்பசை ஒரு பக்கம், கிறீம் ஒரு பக்கம். பாதி முடிந்த மூன்று ஷாம்பூப் போத்தல் வரிசையாக நிற்பதைக் கண்டால்தான் ஏன் இடமில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் விளங்கும். ஒரே வகை ஷாம்பூவாக இருந்தால் ஒன்றை மட்டும் உள்ளே விட்டு மற்றவற்றை வரிசையில் முடியுங்கள். வெவ்வேறு வகைகளை ஒரே போத்தலில் கலக்க வேண்டாம்.

எறிய வேண்டியதைத் தயங்காமல் எறியுங்கள்: நார் விரிந்த பற்பிரஷ் (மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது), கறள் பிடித்த ரேசர், கறுப்புப் புள்ளி விழுந்த பீர்க்கம் நார், அடியில் வழுவழுப்பாகிய றப்பர் மிதியடி. கிறீம், சன்ஸ்கிறீன் போத்தல்களின் பின்புறத்தில் திறந்த டப்பா போன்ற ஒரு சிறு படமும் அதற்குள் 6, 12 போன்ற ஓர் எண்ணும் இருக்கும். திறந்த நாளிலிருந்து அத்தனை மாதம்தான் அது பயன்படும் என்று அர்த்தம். திறந்த மாதத்தை மார்க்கரால் போத்தலின் அடியில் எழுதி வைத்தால் அடுத்த முறை யோசிக்கத் தேவையில்லை. ரேசர் பிளேட்டுகளை அப்படியே குப்பைப் பையில் போடக்கூடாது. வெறும் தகரப் பேணிக்குள் போட்டு வாயை டேப்பால் ஒட்டிப் போடுங்கள். குப்பை அள்ளுபவர் வெறும் கையால் பையைத் தூக்குகிறார்.

பாத்ரூமை விட்டு வெளியேற வேண்டியவை

எறியத் தேவையில்லாத, ஆனால் உள்ளே இருக்கவும் கூடாத சாமான்தான் இடத்தை அதிகம் தின்கிறது.

மருந்துகள் முதலாவது. கண்ணாடி வைத்த சிறு அலுமாரிக்குள் குளிசைகளை வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. சுடுதண்ணீர் ஷவரின் ஆவியும் இங்குள்ள வெக்கையும் சேர்ந்தால் குளிசை ஈரத்தை இழுத்து இளகும், நிறம் மாறும், வீரியம் குறையும். பெரும்பாலான மருந்துப் பெட்டிகளில் 30 பாகை செல்சியஸுக்குக் குறைவான, உலர்ந்த இடத்தில் வைக்கும்படி அச்சிட்டிருப்பார்கள். படுக்கையறை அலுமாரியின் மேல் தட்டில், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில், மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். அம்மம்மாவின் பிறஷர் குளிசையைப் பற்பசைக்குப் பக்கத்தில் வைத்தால்தான் ஞாபகம் வரும் என்றால், அவருடைய சாப்பாட்டு மேசை இடம் அதைவிட நல்லது.

அடுத்தது துவாய். ஒரு பெரிய துவாயை மடிக்காமல் விரித்துக் காயப்போட ஏறக்குறைய 2 அடி கம்பி வேண்டும். ஐந்து பேருக்கு 10 அடி. 4 அடிச் சுவரில் அது நடக்காது, அதனால்தான் ஒரே கொழுவியில் மூன்று துவாய் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கிப் பூஞ்சண மணம் எடுக்கிறது. குளிக்கும் நேரத்துக்கு மட்டும் கொழுவ இரண்டு கொழுவிகள் உள்ளே போதும். குளித்ததும் துவாய் பல்கனிக் கொடிக்கோ அறையில் மடக்குக் கம்பிக்கோ போக வேண்டும். பேசினுக்குப் பக்கத்தில் கை துடைக்கும் சிறு துவாய் ஒன்று இருக்கலாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

ஊத்தை உடுப்புக் கூடையும் வெளியே போகட்டும், வாஷிங் மெஷின் இருக்கும் இடத்துக்கோ அறை மூலைக்கோ. ஈரமான உள்ளுடுப்பைக் கூடையில் போட வேண்டாம். நன்றாகக் காயவிட்டுப் போட்டால் கரும்புள்ளி விழாது. மேலதிக சவர்க்காரம், பற்பசை, கடதாசிச் சுருள், நப்கின் பைக்கற்று எல்லாம் வெளியே ஒரு தட்டில் இருக்கட்டும். உள்ளே பாவனையில் உள்ளது ஒன்று, அவ்வளவுதான். நப்கின் மட்டும் ஒரு நாளைக்குத் தேவையான அளவு மூடியுள்ள டப்பாவில் உள்ளேயே இருந்தால் பிள்ளைகளுக்குச் சங்கடமில்லை. தலைமயிர் காயவைக்கும் மெஷினுக்கு இந்த அறையில் இடமே கிடையாது. நம் வீடுகளின் மின்சாரம் 230 வோல்ட். ஈரக் கையும் ஈர நிலமும் சேரும் இடத்தில் வயர் இழுபடக்கூடாது.

கழுவுதல், காயவிடுதல்

வெறுமையான அறையைக் கழுவுவது இலகு. டைல் இடுக்கில் கறுத்திருப்பது பூஞ்சணம். ஒரு பங்கு குளோரின் வெளுப்பானுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து பூசி, 10 நிமிடம் விட்டு, பிரஷால் உரஞ்சி, நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். ஜன்னலும் கதவும் திறந்தே இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு உயிர் ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். ஹார்பிக் போன்ற கொமேட் திரவங்களில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். வெளுப்பானில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். காற்றோட்டமில்லாத 24 சதுர அடி அறையில் சில நிமிடங்களில் மூச்சு அடைக்கும். ஒரே நாளில் இரண்டையும் பாவிக்காதீர்கள். கொமேட்டுக்கு இன்று என்றால் டைலுக்கு நாளை. டைல் கழுவ ஹாட்வெயாரில் விற்கும் கடும் அசிட்டும் வேண்டாம். கறை போவது உண்மை, ஆனால் டைல் இடுக்குச் சீமெந்தையும் அது கரைக்கிறது, டேப்புகளின் பளபளப்புப் பூச்சையும் தின்கிறது. இடுக்கு கரைந்தால் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் தெரியும்.

பேசின் ஓரத்தில் உள்ள சிலிக்கன் உள்ளே வரை கறுத்திருந்தால் எந்த மருந்தாலும் வெளுக்காது. பிளேட்டால் முழுக்க வெட்டி எடுத்து, இடத்தை நன்றாகக் காயவிட்டு, பூஞ்சணத்துக்குத் தாக்குப்பிடிக்கும் புதிய சிலிக்கன் போட்டு 24 மணி நேரம் நனையாமல் விடுங்கள். பழையதின்மேல் புதியது பூசினால் ஒட்டாமல் உரிந்து வரும்.

இடத்தைப் பிரித்தல்

அறை காயும் நேரத்தில் அளவெடுங்கள். மூன்று உயரங்களைச் சுவரில் பென்சிலால் குறியுங்கள்: 3 அடி சின்னப் பிள்ளைக்கு, 4 அடி வயதானவருக்கு, ஐந்தரை அடி வளர்ந்தவர்களுக்கு. வயதானவர் குனியவும் எம்பவும் கூடாது என்பதால் இரண்டரை அடிக்கும் நாலரை அடிக்கும் இடைப்பட்ட சுவர் அவருடையது.

ஆளுக்கு ஒரு கூடை என்பதுதான் பெரிய குடும்பத்துக்குச் சரிவரும். 8 அங்குல நீளம், 5 அங்குல அகலம், அடியில் துளையுள்ள பிளாஸ்டிக் கூடை. அதில் அவருடைய ரேசர், கிறீம், சீப்பு. குளிக்கப் போகும்போது அறையிலிருந்து எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவருவது. பாத்ரூம் தட்டில் பொதுச் சாமான் மட்டும்: ஷாம்பூ ஒன்று, சவர்க்காரம், பிள்ளைகளின் ஷாம்பூ ஒன்று, பற்பிரஷ் தாங்கி, பற்பசை. பிள்ளைகள் முதல் வாரத்தில் கூடையை உள்ளேயே மறந்துவிட்டு வருவார்கள். திருப்பிக் கொண்டுபோய்க் கொடுங்கள், பழகிவிடும்.

கொமேட்டுக்கு மேலே உள்ள சுவர் பெரும்பாலும் வீணாகக் கிடக்கிறது. அங்கே 6 அங்குல ஆழத் தட்டு ஒன்று போடலாம்; அதைவிட ஆழம் என்றால் எழும்பும்போது தலை அடிபடும். டாங்கி மூடிக்கும் தட்டுக்கும் இடையில் குறைந்தது 12 அங்குலம் விடுங்கள். உள்ளே மிதவையைத் திருத்த மூடியைத் தூக்க வேண்டி வரும். அதே காரணத்துக்காகத்தான் பேசினுக்குக் கீழே, தண்ணீரைப் பூட்டும் வால்வை மறைத்து எதுவும் வைக்கக்கூடாது. குழாய் வெடித்தால் இருட்டில் தடவியே எட்ட வேண்டிய இடம் அது.

தும்புத்தடியையும் கொமேட் பிரஷையும் சுவர்க் கொழுவியில் தலைகீழாகக் கொழுவுங்கள். நார் மேலே இருந்தால் காயும், நிலத்தில் ஊன்றி நின்றால் அழுகும்.

என்ன வாங்குவது

சாமான் வாங்கப் புறக்கோட்டைக்குப் போவதென்றால் அளவெழுதிய துண்டைக் கையில் கொண்டுபோங்கள். கூடைகளும் பிளாஸ்டிக் தட்டுகளும் அங்கே பார்க்கலாம். வோல் பிளக், ஸ்க்ரூ, ட்ரில் பிட் போன்றவற்றுக்குப் பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடைகள் இருக்கின்றன.

பளபளக்கும் கம்பி றாக்கைகளில் ஏமாற வேண்டாம். குரோம் பூசிய இரும்புக் கம்பி, கம்பியும் கம்பியும் ஒட்டவைத்த மூலையில்தான் முதலில் கறள் கட்டும், அந்தக் கறள் வெள்ளை டைலில் மண்ணிறக் கோடாக வழியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று காந்தம் வைத்துப் பார்ப்பதும் போதாது: 201, 202 வகைகளிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது, ஆனால் ஈரத்தில் கறள் பிடிக்கும். 304 என்று முத்திரை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். கடற்கரைக்குப் பக்கத்தில் 304கூட மேலோட்டமாகப் பழுப்பேறும். அங்கே தடித்த பிளாஸ்டிக் அல்லது பூச்சுள்ள அலுமினியம்தான் நிம்மதி. எந்தத் தட்டானாலும் அடியில் தண்ணீர் வடிய வழி இருக்க வேண்டும்.

சுவரில் பூட்டுதல்

வேலை கெட்டுப்போகிற இடம் இதுதான், ஆகவே மெதுவாகச் செய்யுங்கள்.

முதலில் பாரத்தைக் கணக்கிடுங்கள். ஒரு லீற்றர் ஷாம்பூப் போத்தல் ஒரு கிலோ. ஐந்து போத்தல் வைக்கும் மூலைத் தட்டு, தன் பாரமும் சேர்த்து 6 கிலோவுக்குக் கிட்ட வரும். இதற்கு ஒட்டுக் கொழுவி சரிவராது. ட்ரில் பண்ணித்தான் ஆகவேண்டும்.

எங்கே துளைக்கக்கூடாது? டேப், ஷவர், ஹீற்றர் இவற்றுக்கு நேர் மேலும் நேர் கீழும், இரண்டு பக்கமும் 6 அங்குலம் வரை தொடாதீர்கள். சுவருக்குள் பைப்பும் வயரும் அந்தக் கோட்டில்தான் ஓடும். ஷவர்ப் பக்கத்தில் நிலத்திலிருந்து ஒரு அடி உயரம் வரையும் வேண்டாம். தண்ணீர் கசியாமல் நிலத்தில் பூசிய தடுப்புப் பூச்சைச் சுவரிலும் கொஞ்ச உயரம் ஏற்றியிருப்பார்கள். அதில் ஒரு துளை போட்டால் கசிவு தொடங்கும்.

டைலின் விளிம்பிலிருந்து ஓர் அங்குலமாவது தள்ளிக் குறியுங்கள். குறியின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டினால் பிட் வழுக்காது. சாதாரண செராமிக் டைலுக்கு ஈட்டி முனையுள்ள 6 மி.மீ டைல் பிட், போர்சலின் டைலுக்கு வைர முனை பிட். ட்ரில்லின் ஹாமர் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். டைலில் ஹாமர் போட்டால் நட்சத்திரம் மாதிரி வெடிக்கும். குறைந்த வேகத்தில், அழுத்தாமல், இடைக்கிடை தண்ணீர் தொட்டுத் துளையுங்கள். விழும் தூளின் நிறம் மாறினால் டைல் முடிந்து சுவர் தொடங்கிவிட்டது. அப்போது நிறுத்தி, 6 மி.மீ சுவர் பிட்டுக்கு மாற்றி, பிளக்கின் நீளத்தைவிட 5 முதல் 10 மி.மீ கூடுதலான ஆழத்துக்குப் போங்கள். கொங்கிறீற் தூண் என்றால் இப்போது ஹாமர் போடலாம்.

துளைக்குள் உள்ள தூளை ஊதி எடுத்துவிட்டு, துளி சிலிக்கன் விட்டு, பிளக்கைச் செருகுங்கள். பிளக்கின் வாய் டைல் மட்டத்தைத் தாண்டி, டைலின் தடிப்பையும் கடந்து உள்ளே போக வேண்டும். டைலுக்குள்ளேயே நின்றால், ஸ்க்ரூ முறுக்கும்போது பிளக் விரிந்து டைலை வெடிக்க வைக்கும். வெடிப்பு சில நேரம் உடனே தெரியாது, ஒரு வாரம் கழித்து மயிரிழைபோல் தலைகாட்டும். ஸ்க்ரூவும் ஸ்டெயின்லெஸ் ஆக இருக்கட்டும்.

பிளக் சுழன்றுகொண்டே இருந்தால் சுவர் உள்வெறுமையான சீமெந்துக் கல்லாக இருக்கும். பெரிய ஸ்க்ரூ போட்டுச் சரிப்படுத்தப் பார்க்காதீர்கள். உள்ளே விரிந்து பிடிக்கும் வெற்றுக்கல் பிளக் தனியாக உண்டு.

வாடகை வீட்டில் துளைக்க விடமாட்டார்கள் என்றால் ஒட்டுக் கொழுவிதான் வழி. மினுக்கமான டைலில் மட்டும் அது நிற்கும்; சொரசொரப்பான டைலிலும் டைல் இடுக்கின் மேலும் காற்றுப் புகுந்து விழும், பெயின்ற் சுவரில் பெயின்ற்றோடு உரிந்து வரும். சவர்க்காரப் படலம் போக சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றால் துடைத்து, காயவிட்டு, ஒட்டி, 24 மணி நேரம் எதுவும் கொழுவாமல் விடுங்கள். அறை கழுவிய அதே நாளில் ஒட்ட வேண்டாம் என்பது இதனால்தான். பைக்கற்றில் சொல்லும் பாரத்தில் பாதியை மட்டும் நம்புங்கள். பிளாஸ்டிக் கதவில் பல கொழுவி போட்டால் கதவு தொய்ந்து நிலத்தில் உரசும், இரண்டு போதும்.

வயதானவர் பிடிக்கும் கைப்பிடி வேறு, துவாய்க் கம்பி வேறு. துவாய்க் கம்பி ஆளின் பாரத்தைத் தாங்காது. கைப்பிடியை மேசனைக் கொண்டு தனியாகப் பூட்டுங்கள்.

வாளிகளும் நுளம்பும்

நீர்வெட்டுக்குப் பயந்து மூன்று வாளியும் ஒரு பீப்பாவும் நிரப்பி வைக்கும் வீடுகள் நிறைய. மேல் டாங்கி உள்ள தொடர்மாடியில் 20 லீற்றர் வாளி ஒன்றும் ஒரு கோப்பையும் போதும். சேமித்துத்தான் ஆகவேண்டும் என்றால் இறுக்கமாக மூடும் பீப்பா ஒன்று, அதுவும் முடிந்தால் பாத்ரூமுக்கு வெளியே.

டெங்கு நுளம்பு பெரும்பாலும் சுத்தமான, தேங்கிய தண்ணீரைத்தான் தேடும். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள். ஆகவே வாரம் ஒருமுறை என்பது தவறக்கூடாது. வெறுமனே ஊற்றி நிரப்பினால் பயனில்லை: முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே வாளியின் உட்சுவரில் ஒட்டியிருக்கும், பல மாதம் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். பிரஷால் உட்சுவரை உரஞ்சிக் கழுவினால்தான் போகும். பற்பிரஷ் தாங்கியின் அடி, சவர்க்காரத் தட்டு, பாவிக்காத இரண்டாவது பாத்ரூம் இருந்தால் அதன் கொமேட், நிலத்துக் கழிவுத் துளை இவற்றையும் பாருங்கள். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு இனப்பெருக்கத் தடைச் சட்டத்தின் கீழ் குடம்பி (நுளம்புப் புழு) கண்டால் வழக்குப் போட முடியும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் முதலில் எட்டிப் பார்ப்பதும் இப்படியான இடங்களைத்தான்.

காற்று

குளித்த பிறகு எக்ஸோஸ்ட் விசிறியை 20 நிமிடம் ஓடவிடுங்கள். விசிறி ஓடியும் கண்ணாடியில் ஆவி போகாவிட்டால் கதவின் அடியைப் பாருங்கள். காற்று உள்ளே வர அரை அங்குல இடைவெளியாவது இல்லாமல் விசிறியால் வெளியே தள்ள முடியாது. விசிறி இல்லாத வீட்டில் ஜன்னல் கண்ணாடித் தட்டுகளைத் திறந்து, கதவையும் திறந்து விடுவதே மருந்து. நிலத்தை றப்பர் தடியால் இழுத்துவிட அரை நிமிடம். அந்தப் பழக்கம் ஒன்றே பாசியை நிறுத்தும்.

தொடர்ந்து பார்ப்பது

கொமேட் திரவம், வெளுப்பான் எல்லாம் அவற்றின் சொந்தப் போத்தலிலேயே, 5 அடிக்கு மேல், பிள்ளைகளுக்கு எட்டாமல் இருக்கட்டும். சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பது எந்தக் காரணத்துக்கும் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாளியை உரஞ்சும்போதே கழிவுத் துளை வலையில் சிக்கிய மயிரை எடுத்துவிட்டு, தட்டில் ஆளில்லாத போத்தல் ஏதும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். புதியது வாங்கினால் பழையது முடியும்வரை வெளித் தட்டில்தான் இருக்கும் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை, மின்சாரம் கசிந்தால் தானாக அணையும் ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை ஹீற்றரைப் போட வேண்டாம்.